மேல் அம்புக்குறி

"கருவியில ஏதாவது கோளாறு இருந்துச்சா?" என்று மேலாளர் கேட்டபோது, "இல்ல சார், அது சரியாத்தான் வேலை செஞ்சுது" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

ஆஸ்பத்திரி டேட்டாபேஸுக்காகக் கறுப்புத் திரையில் கமாண்ட் அடிக்கிற ஒரு கருவியை நான்தான் எழுதியிருந்தேன். ஆவணப் பிரிவில் அதை நாள் முழுக்கப் பயன்படுத்தியவர் பெரியக்கா. அவருடைய திரையில் எப்போதும் இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கும், ஒன்று சோதனைத் தரவுக்கு, மற்றது நிஜத் தரவுக்கு. மேல் அம்புக்குறியைத் தட்டினால் கடைசியாக அடித்த கமாண்ட் திரும்ப வரும். எந்த ஜன்னலில் அடித்தாலும் எல்லா ஜன்னலிலும் வரும்படி செய்து வைத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பெரியக்கா மட்டும் ரசிக்கவில்லை. "தம்பி, சோதனையில அடிச்சது நிஜத்துல வந்து நிக்குது. பயமா இருக்கு. ரெண்டையும் பிரிச்சு விடேன்" என்றார். இரண்டாம் முறையும் கேட்டார். "படிச்சுப் பார்த்துட்டு என்டர் தட்டுங்கக்கா" என்று சிரித்தேன். அரைநாள் வேலைதான். எனக்கோ அப்போது பட்டியல்களுக்கு நிறம் தீட்டுவதில் மோகம்.

ஒரு திங்கட்கிழமை மதியம், சோதனையில் முன்பதிவுகளையெல்லாம் அழித்துப் பார்த்துவிட்டு நிஜ ஜன்னலுக்கு வந்திருக்கிறார். காலையில் அங்கே எண்ணிக்கை பார்த்த கமாண்டுக்காக அம்புக்குறியைத் தட்டியவர், கைப்பழக்கத்தில் என்டரையும் தட்டிவிட்டார். முந்தைய இரவு எடுத்து வைத்த நகலிலிருந்து மீட்டோம். அன்று காலை பதிந்தவை மட்டும் திரும்பவில்லை. அந்த வாரம், கண்ணில் கட்டோடு வந்த ஒருவர், பட்டியலில் பெயர் இல்லாமல் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

விசாரணையில் பெரியக்கா என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். தான் முன்பே கேட்டதை அவர் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று நினைத்திருப்பார். என் பதிலைக் கேட்டதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். என் தலை தப்பினால் போதும் என்று நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருடம் அந்தப் பிரிவில் இருந்தவரை முன்கூடத்தில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் கவுன்டருக்கு மாற்றினார்கள்.

மறுவாரம் ஜன்னல்களைப் பிரித்தேன். அரைநாள்கூட ஆகவில்லை. வெட்கமாக இருந்தது. மேலாளரின் அறையைத் தாண்டி நடந்து, முன்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றேன்.

"அக்கா, நீங்க கேட்ட மாதிரியே பிரிச்சுட்டேன்."

"நான் கேட்டேன்னு மேல சொன்னியா?"

கவுன்டர் மேசையைப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒன்றைக் கிழித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"சொல்லுங்க, எந்த டாக்டரைப் பார்க்கணும்?"

எனக்குப் பின்னால் நின்றவர், ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி அரை அடி முன்னால் நகர்ந்தார்.