இழுப்பார் இல்லாத நீர்

கீழ்க்கடலினின்று புறப்பட்ட இளங்காற்று, பிரெஞ்சியர் வகுத்த நேரான தெருக்களில் உலவி, வெண்மாடங்களின் வாயிற்பூங்கொடிகளை அசைத்து, உழவர்கரையின் நெருங்கிய கூரைகளைக் கடந்து, தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையை அடையுமுன் இரும்புத்தூளின் மணமேறி அனலாய் மாறிவிடும் கோடைக்காலை அது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. மழை பொய்த்தமையால் கிணறுகள்தோறும் நீர் ஆழத்தில் ஒளிந்துகொண்டிருந்தது.

அப்பேட்டையில் நீரிறைக்கும் பொறிகள் செய்து விற்கும் பட்டறைக்கு உரியவள் ஜோவிதா. அவள்முன் அவிழாத முடிச்சொன்று கிடந்தது. வில்லியனூருக்கு மேற்கே கரும்பு பயிரிட்டிருந்த கொளஞ்சியின் கிணற்று மேட்டில் அவள் பொருத்திய பொறி, பழுதேதுமின்றிச் சுழன்றும் துளி நீரையும் கொணரவில்லை. ஆற்றல் போதவில்லை என்றெண்ணிப் பெரியதைப் பொருத்தினாள். பின்னர் அதனினும் பெரியதை. அது மதயானைபோல் முழங்கியது. குழாயின் வாய் மட்டும் வறண்டே இருந்தது.

"இன்னாம்மா இது, சத்தத்துக்கே கிணறு பயந்து கீழ போவுது," என்றார் பட்டறைக்கு வந்திருந்த கொளஞ்சி. "கரும்பு நுனியெல்லாம் காஞ்சி போச்சி. இந்த வாரம் தண்ணி காட்டலன்னா கொளுத்த வேண்டிதான்."

இன்னும் பெரியதொன்று வைப்போம் என்று சொல்ல வாய்திறந்தவள் நிறுத்தினாள். பொறியை மாற்றினோம், எண்ணத்தை மாற்றினோமா?

பொறி நீரை இழுக்கிறது என்பது அவள் தந்தை சொன்னது. இயற்கை வெறுமையைப் பொறாது, ஆகவே நீர் எழுந்து அதை நிரப்புகிறது என்பது பண்டை அறிஞர் சொன்னது. அவ்வாறாயின் நூறடி ஆழத்தினின்றும் நீர் எழவேண்டுமே? இத்தாலி நாட்டில் முப்பதடிக்குச் சற்று மேல் நீர் ஏற மறுத்தபோது, தன் பளுவால் அறும் கயிறுபோல் நீர்த்தூண் அறுகிறது என்றார் ஒரு பேரறிஞர். அவர்பின் வந்த மாணாக்கரோ, நீரை எவரும் இழுப்பதில்லை, காற்றுக்கடலின் எடையே அதைத் தள்ளுகிறது என்றார். இவை யாவும் ஜோவிதா உருப்போட்டுத் தேர்வில் எழுதியவையே. விடைத்தாளோடு அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

பட்டறையின் பின்னே நாற்பதடி உயரத்தில் நின்ற தொட்டியின் ஏணியில் ஏறினாள். உள்ளே இருப்பது தெரியும் தடித்த குழாயில் நீர் நிரப்பி, இருமுனையும் அடைத்து, கீழ்முனையைக் கொளஞ்சி வாளிநீரில் அமிழ்த்திப் பிடிக்க, மேல்முனையைத் தொட்டி விளிம்பில் கட்டினாள்.

"இப்ப தொறங்கண்ணே."

கொளஞ்சி கீழடைப்பை நீக்கவும் நீர் சரசரவென இறங்கிற்று, வாளி வழிந்தது. ஆனால் ஏறக்குறைய முப்பத்திரண்டு அடியில், கண்காணாக் கையொன்று ஏந்தினாற்போல், அப்படியே நின்றது. அதற்கு மேலே வெறுமை.

"மேல மோட்டாரே இல்லியேம்மா. யாரு புடிச்சிக்கினு இருக்கா?"

"வாளித் தண்ணிய காத்து அழுத்துதுண்ணே. அதால அவ்ளோதான் தூக்க முடியும்."

கொளஞ்சி அண்ணாந்து பார்த்தார். "அப்ப இத்தினி நாளா வேலை பாத்தது காத்து, பேரு வாங்கனது உன் மோட்டாரா?"

ஜோவிதா, குழாயில் நின்றுவிட்ட நீரின் விளிம்பையே நோக்கினாள். 'நன்றாக இழுக்கும்' என்று சொல்லிச்சொல்லி அவள் விற்ற பொறிகளுள் ஒன்றேனும் ஒருநாளும் நீரை இழுத்ததில்லை. குழாயிலிருந்த காற்றை அகற்றி வழிவிட்டதும், தம்மிடம் வந்துசேர்ந்த நீரை அப்பால் தள்ளியதும் மட்டுமே அவற்றின் வேலை. தலைக்குமேல் இத்தனை பெரிய எடை அழுத்திக்கிடக்க, அதை அறியாமல் அதனடியிலேயே கடை விரித்திருந்தோமே என்று திகைத்து, இறங்கவும் மறந்து நின்றாள்.

கற்றோரே, முன்னோர் பிழையும் பின்னோர் திருத்தமும் நூலுள் உறங்கும்வரை எவர் வயலுக்கும் பாய்வதில்லை.

கொளஞ்சியின் கிணற்றில் நீர் முப்பத்தைந்தடி ஆழத்தில் கிடந்தது. மேட்டில் நிற்கும் எந்தப் பொறிக்கும் அது எட்டாது. மறுநாள் பெரும்பொறியைக் கழற்றிவிட்டு, முதலில் தோற்ற சிறிய பொறியையே கிணற்றினுள் இறக்கி, நீருக்குப் பத்தடி மேலே பரண் கட்டிப் பொருத்தினாள். பத்தடிக்குக் காற்று தள்ளியது. அங்கிருந்து மேட்டுக்குப் பொறி தள்ளியது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்தது.