ஐந்தாவது கஸ்பார்

'ஏழு நங்கூரங்கள்' தொடரின் ஐந்தாம் பாகத்தில், கடைசிப் பக்கத்தில், மாலுமி கஸ்பார் கடலில் விழுந்தார். அன்றிலிருந்து லிஜிக்குப் பேசும் உரிமை போயிற்று.

விதி அப்படி. முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறைமேல், ஞாயிறு சாயங்காலம் கூடும் வாசகர் கூட்டத்தில் மொத்தமே மூன்று பேர். ஆளுக்கொரு பாத்திரம். ரிஜோ கப்பல் தலைவன். சுபிதா வரைபடக்காரி. லிஜி கஸ்பார். பாத்திரம் செத்தால் அந்த ஆளுக்குப் பேச்சு இல்லை. பின்னால் உட்கார்ந்து மிக்சர் பொட்டலத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். புதுப் பாகம் வந்தால் உயிரோடு இருப்பவர்கள் படித்த பிறகுதான் கைக்கு வரும்.

விதியை ஏற்படுத்தியவள் லிஜிதான். கஸ்பார் சாவார் என்று அவள் நினைக்கவில்லை.

ஆறாம் பாகம் நாகர்கோவில் கடைக்கு வரப்போவதாகப் பேச்சு. சுபிதா ஒரு புத்தகத்தைத் தொட்டால் ஒரு மழைக்காலம் கழிந்துதான் கீழே வைப்பாள். வைத்ததும் முடிவை ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவாள்.

லிஜி பொட்டலத்தைப் பாறையில் வைத்தாள்.

"உடலு கெடச்சுதா?" என்றாள்.

"செத்தவ பேசப்பிடாது," என்றான் ரிஜோ.

"ஏலே, உடலு கெடச்சுதான்னு கேட்டேன்."

"சுழிக்குள்ள விழுந்தாரு. சுத்திச் சுறா கெடக்கு. பெறவு என்னட்டி வேணும் ஒனக்கு?"

"நம்ம ஊருல உடலு கெடைக்காம எவனுக்காவது அடக்கம் வச்சிருக்காவளா? வாசல்ல லைட்டு போட்டுட்டு இருப்பாவ. செத்தான்னு எவனாம் சொன்னா அடி கெடைக்கும்."

அது உண்மை.

சுபிதா கடற்கரைக்காரி இல்லை, உள்நாட்டுக்காரி. அவளுக்கு வேறு சபை. "எங்க ஊருல போஸ்டர் ஒட்டுனா செத்தாச்சுன்னு அர்த்தம்," என்றாள். "கஸ்பாருக்கு ஒண்ணு ஒட்டுவமா?"

"நாங்க செத்தவனுக்குக் கோயில்ல பூச வைப்போம்," என்றான் ரிஜோ. சொன்ன பிறகுதான் அதிலுள்ள வசதி அவனுக்குப் புரிந்தது. "பூச வச்சா முடிஞ்சு. சாமியாரே சொல்லியாச்சுன்னா இவ என்ன பேசுவா?"

"எங்க சபையில செத்தவங்களுக்கு ஜெபமே கெடையாது. செத்தா அவ்வளவுதான்."

"ஒங்களுக்குச் சோலி கொறவு," என்றான் ரிஜோ.

நேராகப் பங்கு அலுவலகத்துக்குப் போனான். பூசைக்குப் பேர் எழுதும் உபதேசியார் கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பேர் கேட்டார். எப்படிச் செத்தார் என்று கேட்டார். எந்த வீடு என்று கேட்கவில்லை. விக்கெட் விழுந்துவிட்டது.

மறுநாள் காலைப் பூசையில் லிஜி தன் அம்மா செசிலியோடு பெண்கள் பக்கம் இருந்தாள். சாமியார் வாசித்தார்: "கடலில் விழுந்து மரித்த கஸ்பாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

கோயில் அசைந்தது.

ஊரில் நான்கு கஸ்பார்கள் உண்டு. ஐஸ் கம்பெனி கஸ்பார், மஸ்கட் கஸ்பார், இன்ஜின் வேலை பார்க்கும் கஸ்பார், வெறும் கஸ்பார். அன்று நான்கு பேரும் பூசைக்கு வந்திருந்தார்கள். நான்கு பேரும் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வெறும் கஸ்பாரின் மனைவி திரும்பிப் பார்க்காமலேயே அலறினாள். அவர் எழுந்து பெண்கள் பக்கம் வந்து அவள் முன்னால் நின்றார். அவரைக் கண்டதும் அவள் இன்னும் உரக்க அழுதாள்.

பூசை முடிந்து, முற்றத்தில் நான்கு பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவரும் குறையவில்லை.

"அப்பம் இது அஞ்சாவது கஸ்பாரு," என்றார் லிஜியின் அப்பா சிலுவைமுத்து.

உபதேசியார் ரிஜோவைக் கைகாட்டினார். கூட்டம் அவனைச் சுற்றிக்கொண்டது.

"எந்த வள்ளம்லே?" என்றார் சிலுவைமுத்து.

"வள்ளம் இல்ல. மூணு பாய்மரம் உள்ள கப்பலு."

"இன்ஜினு?"

"கெடையாது."

"இன்ஜின் இல்லாமலா மேக்க கடலுக்குப் போனான்!" கூட்டம் தலையில் கைவைத்தது. "எப்பம் விழுந்தான்?"

"கிறிஸ்மஸ் லீவுல."

"இவ்வளவு நாளு மறச்சா வச்சிருந்திய?"

லிஜிக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அது புஸ்தகத்துல உள்ள ஆளு," என்றாள்.

சிலுவைமுத்து அவளைப் பார்த்தார். "எங்க உள்ள ஆளா இருந்தா என்ன மக்கா? கடல்ல விழுந்தான்லா? உடலு கெடச்சுதா?"

"இல்ல."

அவர் ரிஜோவிடம் திரும்பினார். "பெறவு எந்தத் தைரியத்துலலே பூச வச்ச?"

ரிஜோவைச் சாமியார் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே லிஜியும் போனாள். சாமியார் ஊருக்குப் புதிது. விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாலுமி கஸ்பாரா?" என்றார். "நான் நாலாம் பாகத்துலதான் நிக்கேன். ஏன் தம்பி சொன்ன?"

"சாமி, அந்தப் பூசய ரத்து பண்ணணும்," என்றார் சிலுவைமுத்து.

வைத்த பூசையைத் திரும்ப எடுக்க முடியாது என்றார் சாமியார். வேறொரு பூசை வைக்கலாம். இரண்டையும் கடவுள் பார்த்துக்கொள்வார்.

அப்படியே அடுத்த நாள், "கடலில் காணாமற்போன கஸ்பார் பத்திரமாகக் கரைசேர வேண்டி" என்று வாசித்தார். கொஞ்சம் நிறுத்தி வாசித்தார். லிஜி முதுகை நிமிர்த்திக்கொண்டு கேட்டாள்.

வள்ளங்களுக்கு வயர்லெஸ்ஸில் அடையாளம் சொல்லப்பட்டது: சிவப்புச் சட்டை, இடது காதில் வளையம். அப்படி யாரையும் காணவில்லை என்று குளச்சல் பக்கமிருந்து பதில் வந்தது. செசிலி மீன்குழம்பில் ஒரு துண்டை எடுத்து மூடிவைத்தாள். "வந்தான்னா பசியோடல்லா வருவான்," என்றாள்.

அந்த ஞாயிறு லிஜி பேசினாள். கிறிஸ்துமஸிலிருந்து சேர்த்துவைத்திருந்த அத்தனையையும் பேசினாள். கப்பல் தலைவன் சுக்கானைத் தவறாகத் திருப்பியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றாள். வரைபடத்தில் வடக்கே இல்லை என்றாள். பொழுது சாயும்வரை ரிஜோ மிக்சர் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆறாம் பாகத்தை ரிஜோவின் அண்ணன் நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தான். மூவரும் உடனே பாறைக்கு ஓடினார்கள். கடலிலிருந்து மீளப்போகிறவள் என்பதால் முதல் வாசிப்பு லிஜிக்கு. இதை ரிஜோவே ஒப்புக்கொண்டான்.

லிஜி திறந்தாள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி.

'விடியும்போது கஸ்பாரின் உடல் ஒரு தீவில் கரை ஒதுங்கியிருந்தது.'

அவள் புத்தகத்தை மூடி ரிஜோவிடம் கொடுத்தாள். அவன் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். பின்னால் போய் உட்கார்ந்தாள்.

சுபிதா எட்டிப் பார்த்து அந்த வரியைப் படித்தாள். "லிஜி," என்றாள்.

பதில் இல்லை. விதி விதிதான்.

அதனால் ரிஜோதான் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. சிலுவைமுத்து கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உடலு கெடச்சிட்டு."

"எங்க?"

"ஒரு தீவுல. மொதப் பக்கத்துல."

சிலுவைமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"கெடச்சதே பெரிய காரியம்," என்றார்.

கோயிலில் துக்கமணி அடித்தார்கள். ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. துக்கம் கேட்க ஒரு வீடு வேண்டுமே, கஸ்பாருக்கு யார் இருக்கிறார்கள் என்று கேள்வி வந்தபோது ரிஜோ பாறைப் பக்கம் கைகாட்டினான். லிஜியைக் கூட்டிவந்து அவள் வீட்டு முன்னறையில் உட்கார வைத்தார்கள். வாசலில் வாடகை நாற்காலிகள் இறங்கின. செசிலி பால் விடாமல் கட்டன்காப்பி போட்டாள்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து லிஜியின் கையைப் பிடித்து அழுதார்கள்.

"ஒனக்கு அவரு மாமாவா, சித்தப்பாவா மக்கா?" என்று வெறும் கஸ்பாரின் மனைவி கேட்டாள்.

நான்தான் அவர் என்று சொல்லியிருக்கலாம். செத்தவள் எப்படிச் சொல்வது?

"வாயடச்சுப் போச்சு, பாவம்," என்றாள் அவள். எல்லாரும் மறுபடி அழுதார்கள். லிஜிக்கும் கண் நிறைந்தது. அதற்கு விதியில் தடை இல்லை.

வாசலில் நான்கு கஸ்பார்களும் சவப்பெட்டிக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்குவது தாங்கள்தான் என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். சாமியார் மூலையில் நாற்காலி போட்டு ஐந்தாம் பாகத்தை அவசரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அடக்கத்துக்குள் முடித்தாக வேண்டும்.

பெண்களுக்கு நடுவே ரிஜோ குனிந்து குனிந்து வந்தான்.

"விதிய எடுத்தாச்சு," என்று அவள் காதில் சொன்னான். "பேசுட்டி. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

லிஜி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கையை மட்டும் நீட்டினாள். அவன் சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து அதில் வைத்தான்.

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். தீவுக்காரர்கள் உடலைத் திருப்பிப் போடுகிறார்கள். சட்டை சிவப்புதான். இடது காதில் வளையம் இல்லை. வளையம் போட்ட தழும்பும் இல்லை.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இது கஸ்பாரு இல்ல," என்றாள்.

ஒப்பாரி நின்றது. வாசலில் நான்கு பேரும் அளவு நாடாவைக் கீழே போட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

செசிலி காப்பித் தட்டோடு நின்றாள். "பெறவு அது எவ பெத்த புள்ளையோ," என்றாள்.

யாரும் எழுந்து போகவில்லை. வெறும் கஸ்பாரின் மனைவி மூக்கைச் சிந்திவிட்டு ஒப்பாரியை முதலிலிருந்து தொடங்கினாள். லிஜி மூன்றாம் பக்கத்தைப் புரட்டினாள்.