நான்காவது பக்கம்

பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் இசைத்தட்டைக் கைலியில் தேய்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கக் கால்வாயோரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தனுஜாவுக்கு உடம்பு கூசியது. மூன்று வாரமாக விடாத மழை. ரிங்லெட் ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தின் எந்த லயத்து வரிசை வீட்டிலும் செருப்பு, பெல்ட், சாமிப்படம் என்று எதுவும் மிச்சமில்லாமல் பூஞ்சை பூத்திருந்தது.

அவர் கையிலிருந்தது ஒரு ஜாஸ் ஆல்பத்தின் இரண்டாவது தட்டு. போன வருடம் தோட்டத்துத் துரையின் பழைய பங்களாவைக் காலி செய்தபோது குப்பை லாரியில் ஏற்றிய பெட்டிக்குள் அந்த ஆல்பம் கிடந்தது. அட்டையையும் முதல் தட்டையும் தனுஜா எடுத்தாள். இரண்டாவது அதற்குள் அவர் கைக்குப் போயிருந்தது. பழைய துரைக்கு இருபது வருடம் கார் ஓட்டியவர். வராந்தாப் படியில் காத்திருந்து காத்திருந்தே அந்தப் பாட்டுகளைக் கேட்டவர். அட்டையை அவள் திருடிவிட்டதாக லயம் முழுக்கச் சொன்னார். கோவில் கூட்டத்தில் எல்லார் எதிரிலும் அவள் அவரைத் திருடன் என்றாள். அன்றோடு பேச்சு நின்றது.

தனுஜாவிடம் நாற்பத்தொரு தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு எண், கழுவிய தேதி, கீறல் எந்த இடத்தில் என்ற குறிப்பு. இந்த ஆல்பத்துக்கு நேரே மட்டும், 'மூன்றாவது, நான்காவது பக்கங்கள்: கேட்டதில்லை' என்று எழுதியிருந்தாள். நான்காவது பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, பதினோரு நிமிடம் என்று அட்டை சொன்னது. பக்கத்து வீட்டில் அது பாடும்போது பலகைச் சுவர் வழியாக பேஸ் வாத்தியத்தின் அதிர்வு மட்டும் வரும். சாக்சபோன் வராது. ஒருநாள் பலகையில் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு தன்மேலேயே வெறுப்பு வந்து, அன்று மாலை முழுக்கத் தன் தட்டைச் சத்தமாகப் போட்டு அவர் பாட்டை அமுக்கினாள்.

"ஏ பொண்ணு, ஒன் தட்டுலயும் காளான் ஏறிருச்சா?"

ஒரு வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.

"கழுவிட்டேன். சவுக்காரத் தண்ணியில."

"ஒனக்கென்ன, தட்டக் குளிப்பாட்டி, நோட்டுல பேரெழுதி... காலாகாலத்துல ஒருத்தனக் கட்டியிருந்தா புள்ளைக்குச் செஞ்சிருப்ப."

"கைலியில தொடைக்கிற ஆளுக்கு அதெல்லாம் வெளங்காது."

"வெளங்காதா? நான் இதக் கேக்கறப்ப நீ பொறக்கவே இல்ல லா." அவர் குழாயடியில் தட்டைப் பிடித்தார். "கழுவி ட்ரையர் கிட்ட வச்சா ஒரு மணி நேரத்துல காஞ்சிரும்."

தேயிலை பேக்டரியில் இலை காயவைக்கும் ட்ரையருக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் பெரிய தகரக் குழாய் உண்டு. மழைக்காலத்தில் எல்லாரும் சாக்ஸ், பள்ளிச் சப்பாத்து, ரெயின்கோட் எல்லாவற்றையும் அதன் மேல்தான் காயவைப்பார்கள். தனுஜாவுக்கு அந்த ட்ரையரில்தான் வேலை. அந்தச் சூட்டில் தட்டு வளைந்துவிடும் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"என்ன, திருடன்னு சொல்ல வந்தியா? சொல்லு. இங்க கோவில் கூட்டம் இல்லியேன்னு பாக்கிறியா?"

வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போனபோது குழாய்மேல் அவர் தட்டைப் பார்த்தாள். இரண்டு சாக்ஸுக்கும் ஒரு சப்பாத்துக்கும் நடுவே கறுப்பாக, தட்டையாகப் படுத்திருந்தது. குழாயில் கை வைத்தால் மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டிய சூடு. உள்ளே ஓடும் காற்றின் மீட்டரைப் பார்த்தாள். நூற்றுப் பத்து டிகிரி. அட்டவணையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அரைமணிக்கு ஒருமுறை எழுத வேண்டும். அடுத்த முறை வந்தபோதும் அது தட்டையாகத்தான் இருந்தது, அல்லது அவளுக்கு அப்படித் தெரிந்தது. கை நீண்டது. நான் தொட்டால் திருடி என்பார் என்று நினைத்தாள். அது உண்மைதான். கை மடங்கியதற்கு அது காரணமில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் முறை அந்தப் பக்கம் பார்க்காமலே எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டில் தட்டின் மேல் முள் விழும் சத்தம் கேட்டது. பேஸ் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அது பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஆண்டியப்பன் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். பலகை அதிர்ந்தது. அப்போதுதான், முதல் தடவையாக, சாக்சபோன் சுவரைத் தாண்டி வந்தது. வயிற்றுவலிக்காரன் முனகுவதுபோல் இழுத்து, வளைந்து, ஒரு இடத்தில் முள் துள்ளி, மறுபடி அதே இடத்தில் துள்ளியது. அவர் நிறுத்தவில்லை. பதினோரு நிமிடமும் ஓடவிட்டார். பிறகு மறுபடி முதலிலிருந்து வைத்தார்.

மூன்றாம் முறை வைக்கவில்லை. பலகைச் சுவரில் இரண்டு முறை தட்டினார்.

"பொண்ணு." குரலில் ஏளனம் இல்லை. "கழுவுனா கொஞ்ச நாளைக்கு இப்பிடித்தான் பாடுமா? ஒன்னோடதும் இப்பிடித்தான் பாடுதா?"

தனுஜா திரும்பிப் பார்த்தாள். மறுபடி காளான் ஏறியதென்று காலையில் கழுவிய அதே ஆல்பத்தின் முதல் தட்டு, பாத்திரக் கூடையில் சாப்பாட்டுத் தட்டுகளோடு நிமிர்ந்து நின்றது. துளி வளைவில்லை. அதன் அடிவிளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, விழாமல் தொங்கியது.

பலகையில் மறுபடி தட்டினார்.