கீழ்புத்துப்பட்டு வெளிநாட்டுக்காரர்

மரக்காணம் உப்புக் கிடங்கில் எடைமேடை பில் போடும் மேரிசெல்விக்குத் தன் தாய்மாமன் சகாயராஜைக் கண்டாலே இளக்காரம். இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் மகள், குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டாள். அன்று முதல் மாமா தரையில் நடக்கவில்லை. தூதரகம், நோட்டீஸ், விசா எல்லாம் தனக்கு அத்துப்படி என்று டீக்கடையில் வகுப்பெடுத்தார். மருமகனின் பெயரைத்தான் இன்றுவரை அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

மேரிசெல்வி விரும்பியவரும் சட்டப்படி வெளிநாட்டுக்காரர்தான். பெயர் தேவா. கீழ்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவர். கிடங்குக்குப் பெயின்ட் அடிக்க வந்தபோது பழக்கம். அவருடைய அப்பா தொண்ணூறில் படகேறி வந்தவர். தேவா இலங்கையைப் பார்த்ததே இல்லை.

மாமா கேட்டுவிட்டுச் சிரித்தார். "அதெல்லாம் ஃபாரினா?" என்றார்.

இருவரும் வெவ்வேறு மதம் என்பதால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதியப் போனார்கள். பதிவு அலுவலக எழுத்தர் தேவாவின் முகாம் அட்டையை விரல் நுனியால் தள்ளி, பாஸ்போர்ட் எங்கே, விசா எங்கே என்று கேட்டார். இதே எழுத்தர் அந்தப் பிரெஞ்சுக்காரருக்குத் தன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டதை, மாமா மகள் கல்யாணத்தன்று சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருந்த மேரிசெல்வி பார்த்திருக்கிறாள். கடைசியில், மணமாகாதவர் என்று தேவாவின் நாட்டுச் சான்றாவது வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தச் சான்றுக்கு, தேவா முதலில் காகிதத்தில் இலங்கைக்காரர் ஆக வேண்டியிருந்தது. அப்பாவின் பிறப்புப் பதிவை மன்னாரிலிருந்து ஓர் அத்தை தேடி அனுப்பவே ஏழு மாதம். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் முகாமில் அனுமதி வாங்க வேண்டும். பதினோரு மாதம் கழித்துச் சான்று வந்தது. அலுவலகப் பலகையில் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

இருபதாம் நாள் மாமா ஆட்சேபணை மனு கொடுத்தார். மாப்பிள்ளை அந்நியர், நம்பத் தகாதவர், என்றைக்கு வேண்டுமானாலும் ஓடிவிடுவார் என்று எழுதியிருந்தார்.

விசாரணைக்கு மூவரையும் கூப்பிட்டார்கள். பதிவாளர் அம்மா மனுவைப் படித்துவிட்டு, பையனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாளா, வயது போதாதா, நெருங்கிய உறவா, புத்தி சரியில்லையா என்று வரிசையாகக் கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தார்.

"அப்போ எதுக்குங்க ஆட்சேபணை?"

"குடும்ப கௌரவம் மேடம்."

மேரிசெல்வி மாமாவைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை, கோபப்படுகிற அளவுக்கு அங்கே ஆள் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"மாமா, உங்க மருமவன் பொறந்த ஊரு பேரு உங்களுக்கு வாயில வராது. இவரு பொறந்தது கீழ்புத்துப்பட்டு. பஸ்ல முக்கா மணி நேரம். உங்களுக்கு வெளிநாடுன்னா வெள்ளைத் தோலு, அவ்ளோதான்."

மாமா சட்டைப் பொத்தானைத் தடவினார். பதிவாளர் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

முப்பது நாள் முடிந்ததும் மூன்று சாட்சிகளோடு கையெழுத்திட்டார்கள். மாமா வரவில்லை. குடியுரிமை என்ற கட்டத்தில் எழுத்தர் 'இலங்கை' என்று எழுதியபோது, தேவா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று முகாமில் ஆள் கணக்கெடுப்பு நாள், எல்லோரும் நேரில் வந்து நிற்க வேண்டும். கல்யாணம் ஆனாலும் அதிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. மேரிசெல்வி பட்டுப்புடவையோடு தேவாவுடன் பஸ் ஏறி, வரிசையில் அவர் பக்கத்தில் நின்றாள். வருவாய்த்துறை ஆள் நிமிர்ந்து, வெளியாள் இங்கே ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

"இவர் சம்சாரம்," என்றாள். "எழுதிக்கங்க."