அடிக்குரல்

ஆரோக்கியமேரி புருஷனின் வாயருகே காதை வைத்தபோது, தானியேல் உபதேசியார் நன்மரண செபத்தை ஆரம்பித்துவிட்டார். தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து ரத்தினசாமியைத் தூக்கி வந்த ஆட்கள் பதில் செபம் சொன்னார்கள். வீடு சின்னது. அத்தனை கட்டைக் குரல்களும் கூரைக்கும் தரைக்கும் நடுவே அடைத்துக்கொண்டன.

ரத்தினசாமியின் உதடு அசைந்தது. அவருக்கும் அதே கட்டைக் குரல்தான். உபதேசியார் மூச்சு வாங்க நிறுத்தினால் ஆட்கள் ஆரம்பித்தார்கள். அவர்கள் முடித்தால் இவர். சாகிறவனுக்கு நடுவில் ஒரு வார்த்தை நுழைக்க இடமில்லை.

ஷாப்புக் கழிவுநீர் பாலாற்றுக்குப் போகிற மூடுகால்வாயில் அடைப்பெடுக்கப் போனவர், மத்தியானம் அதன் ஆற்றுப்பக்கத்து வாயில் குப்புறக் கிடந்தார். கெட்ட காற்று அடித்துவிட்டது என்றார் மேஸ்திரி ஜியாவுதீன். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டலாம் என்று ஒருவன் சொன்னான். ரத்தினசாமியின் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் போய் மாட்டைப் பூட்டவில்லை.

"மாமா இன்னாக்கா சொல்றாரு?"

கால்மாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த ஞானப்பூ கேட்டாள். கொழுந்தன் சூசைநாதனின் பெண்டாட்டி, நிறைமாசம். பிரசவத்துக்கு அவள் அம்மாவை அழைத்துவர சூசை விடியலிலேயே திமிரிக்குக் கிளம்பியிருந்தான்.

"ஒண்ணும் புரியல. எதையோ சொல்லணும்னு துடிக்கிறாரு."

சாவைவிட அந்தக் கண்கள்தான் மேரியைப் பயமுறுத்தின. அவை அவளைப் பார்க்கவில்லை. ஞானப்பூவையே பார்த்துக்கொண்டிருந்தன.

"உபதேசியாரே, கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"நடுவுல நிறுத்தக்கூடாது மேரி. ஆத்துமா தவிச்சிடும்."

"இப்ப தவிக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியலியா?"

செபம் நிற்கவில்லை. உபதேசியார் நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது? ஆனால் பிடித்தால் ஒரே பிடி.

மேரிக்கு ஷாப்பின் பட்டைக் கொட்டகை ஞாபகம் வந்தது. அங்கே தோலுக்கு ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயடித்தாலும், மேஸ்திரி முனகுவதுகூடத் தனியாகக் காதில் விழும். அவர்கள் குரல் மேலே ஓடும், அவர் குரல் அடியில் ஓடும். அதே மேஸ்திரி ஆம்பிளைகள் கூட்டத்தில் நின்று கத்தினாலும் யார் கத்துகிறார் என்று தெரியாது.

"அப்ப பொம்பளைங்க சொல்றோம். ஆம்பளைங்க யாரும் வாயத் தெறக்காதீங்க. ஞானப்பூ, நீ எடுத்துச் சொல்லு. வாசல்ல நிக்கிறவங்களும் சொல்லுங்கடி. கத்த வேணாம், கொரல மேல தூக்குங்க. கீச்சுனு இருந்தாலும் பரவால்ல."

"இவளுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சு" என்று ஒருவன் முணுமுணுத்தான். இருந்தாலும் உபதேசியார் வாயை மூடிக்கொண்டார். பெண்கள் ஆரம்பித்தார்கள். செபம் மெலிந்து மேலே ஏறியது. அதற்கு அடியில் புருஷனின் குரல் தனியாகப் பிரிந்து வந்தது.

"சூசை... உள்ள..."

"எங்க உள்ள?"

"கால்வாய்ல. திமிரி வண்டி வர்ல... ஒத்தாசைக்கு வந்தான். மின்னாடி போனான். கூப்ட்டான்... என்னால இழுக்க முடியல."

அவ்வளவுதான். உதடு நின்றுவிட்டது. ஞானப்பூ கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரையும்விட உயர்ந்த குரலில் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐயோ, இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்! கட்டிப்பிடித்து அழ மேரி குனிந்தாள். அழுதால் மொத்தத் தெருவும் சேர்ந்து அழும், அப்புறம் யாருக்கும் எதுவும் கேட்காது. அவர் கண்களை மூடிவிட்டு எழுந்தாள்.

"யாரும் இப்ப அழாதீங்க. சூசை கால்வாய்க்குள்ள இருக்கான்."

ஞானப்பூவின் கை விசிறுவதை நிறுத்தவில்லை. "அவரு ஊருக்குப் போயிருக்காருக்கா" என்றாள்.

ஆண்கள் முன்னால் ஓடினார்கள். மேரி போய்ச் சேர்ந்தபோது கால்வாயை மூடியிருந்த கற்களை அங்கங்கே பெயர்த்துவிட்டு, திறப்புக்கு ஒருவனாகக் குனிந்து "சூசை! சூசை!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எந்தத் திறப்பில் இறங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. தப்பான இடத்தில் இறங்கித் தேடினால், கெட்ட காற்றில் இறங்குகிறவனும் போய்விடுவான். "பதில் வருது!" என்றான் ஒருவன். அது அடுத்த திறப்பில் கத்தியவனின் குரல்.

"வாய மூடுங்கடா!" என்றாள் மேரி. "அவனும் ஆம்பள, நீங்களும் ஆம்பள. அவன் கூப்ட்டா எப்டிரா தெரியும்? தள்ளுங்க. நாங்க கூப்பிடுறோம்."

ஆண்கள் ஒதுங்கி நின்றார்கள். ஜியாவுதீன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, எங்கே என்று கேட்பதுபோல அவள் முகத்தையே பார்த்தார்.

மேரி ஒரு திறப்பில் மண்டியிட்டுக் கூப்பிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்த ஞானப்பூ அடுத்ததில் குனிந்தாள். பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத பேர். அன்றைக்கு ஊர் ஆம்பிளைகள் முன்னால் உரக்கச் சொன்னாள்.

கூப்பிட்டார்கள், நிறுத்திக் கேட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். உள்ளே எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

மேரி நிமிர்ந்தாள். ஜியாவுதீன் கயிற்று முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க" என்று ஞானப்பூ எல்லோரையும் கையமர்த்தினாள். கல்லில் காதை ஒட்டவைத்து, இந்தத் தடவை மெதுவாக, பக்கத்தில் படுத்திருப்பவனை எழுப்புவதுபோல அந்தப் பேரைச் சொன்னாள்.