போலந்துக் குதிரைக்கு அலங்காநல்லூர் விசில்

1

போலந்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அந்நாட்டின் பழைய நாவல் ஒன்றைப் பிரம்மாண்டமான போர்ப்படமாக எடுத்திருக்கிறார்கள். அதற்குத் தமிழ் வசனம் எழுதப்போய்த்தான் இந்தக் கதை என் தலையில் விழுந்தது. ஒலிப்பதிவு காளவாசலில், பெனடிக்ட் அண்ணனின் ஸ்டுடியோவில். நாவலை வாசித்தாயா என்று கேட்காதீர்கள். (தலையணை கனம்.)

2

இந்தக் கதைக்கு முதல் தொடக்கம்: "உறைபனி மூடிய சமவெளியில்..." நிறுத்து. சமயநல்லூர்க்காரன் நான் எந்தக் காலத்தில் உறைபனியைக் கண்டேன்?

இரண்டாவது: "ஹெப்சிபா டீச்சருக்கு அழுகை வரவில்லை." இது தேவலை. டீச்சர் மிஷன் பள்ளியில் வேலை பார்த்தவர். படத்தில் தளபதியின் மனைவிக்குக் குரல். கணவர் கிளமெண்ட் போன வருடம் இறந்தபின் அவர் பேசும் முதல் படம். அழுகை தானாக வரும் என்பது பெனடிக்ட் அண்ணன் போட்ட கணக்கு. (அயோக்கியத்தனம்தான். நானும் தலையாட்டினேன்.) காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை. இன்றைக்குள் முடியாவிட்டால், படத்தைத் தமிழில் வெளியிடும் சென்னைக்காரர்கள் வேறு குரலைப் போட்டுவிடுவார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

3

காட்சி இதுதான். கோட்டையை எதிரிகள் சூழ்ந்திருக்கிறார்கள். தளபதி குதிரையில் தனியாக அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகிறார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், வாங்கிய அம்புகளோடு சரிந்து சாகிறார். மனைவியும் படையும் கதற வேண்டும்.

படையின் குரலுக்கு அலங்காநல்லூரிலிருந்து அழகுபாண்டியும் கூட்டாளிகளும் வந்திருந்தார்கள். குதிரை கூட்டத்தைத் தாண்டியதுதான் தாமதம், விசில் பறந்தது. ஒருவன் துண்டைச் சுழற்றியதில் மைக் சாய்ந்தது. செத்தவனுக்கு விசிலா என்று பெனடிக்ட் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அழகுபாண்டி சாவகாசமாகச் சொன்னான்:

"ஒருத்தன் கையிலயும் சிக்காம வெளிய போயிருச்சுல்லண்ணே? அப்ப அது ஜெயிச்ச மாடு. பெறகு விழுந்தா அது வேற விசயம்."

4

[இங்கே வீரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். தப்பித்தீர்கள்.]

கண்ணாடி அறைக்குள் டீச்சர் சிரித்தார். சிரிப்பு நிற்காமலே அழுகையும் வந்துவிட்டது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருசம் படுக்கையில கெடந்தாரு தம்பி. ஒருநா வலின்னு முனகல. அடக்கத்துக்கு அம்புட்டுச் சனம் வந்து பாமாலை பாடுச்சு. ஒருத்தராச்சும் விசிலடிச்சிருக்கலாம்."

5

முடிவு ஒன்று: அழுகையை மட்டும் வெட்டி அனுப்புகிறோம். டீச்சருக்கு வேலை நிலைக்கிறது.

முடிவு இரண்டு: சிரிப்பும் விசிலுமாக அனுப்புகிறோம். சென்னைக்காரர்கள் கோபத்தில்... [இந்த வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை.]

டீச்சரைக் கேட்டேன். விசில் இருக்கட்டும் என்றார், வேலை போனாலும். பெனடிக்ட் அண்ணன் அனுப்பவும் மாட்டாமல் அழிக்கவும் மாட்டாமல் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டிருக்கிறோம். டீச்சருக்கு விசிலடிக்கத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும்தானே? குதிரை கிளம்பிவிட்டது.