தர்ஷனுக்காக ஒரு வாய்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், தர்ஷன் தன் தங்கையிடம் வைன் குடிக்கச் சொன்னான்.

நிஷாந்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவைக் கொண்டுபோனதே குடிதான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்க்கும் அவள், குடித்துவிட்டுப் பிள்ளையைக் கூட்ட வரும் அப்பன்மாரை வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

"என்னால முடியாதுண்ணே."

"குடிக்கச் சொல்லல. ருசி பாத்துச் சொல்லு."

தர்ஷன் உல்லாசக் கப்பலில் வைன் பரிமாறியவன். தட்டுக் கழுவப் போய், மூக்கின் கூர்மையால் மேலே வந்தவன். தொண்டையில் புற்றுநோய் என்றதும் ஊர் திரும்பினான். கதிர்வீச்சுச் சிகிச்சை நோயைக் கொஞ்சம் அடக்கியது. நாக்கையும் மூக்கையும் அடியோடு சாகடித்தது. இப்போது வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி. பேச்சும் பாதி காற்றாகவே வந்தது.

கப்பலிலிருந்து கொண்டுவந்த சார்டொனே என்ற வெள்ளை வைன் போத்தல் ஒன்றைக் குணமானதும் திறக்கலாம் என்று பெட்டியில் வைத்திருந்தான். அன்று காலை அதைக் குளிர்ந்த தண்ணீர் வாளியில் போடச் சொன்னபோதே, அவன் காத்திருப்பதை விட்டுவிட்டான் என்று நிஷாந்திக்குப் புரிந்தது. அதனால் மேற்கொண்டு மறுக்கவில்லை.

கண்ணாடிக் கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றினாள். வெளிறிய மஞ்சள் நிறம்.

"மொதல்ல மோந்து பாரு."

"பச்ச ஆப்பிள் மாதிரி... எலுமிச்சத் தோலக் கீறுனா வருமே, அதுவும் இருக்கு."

"இப்ப ஒரு வாய். ஒடனே முழுங்காத."

வாயில் வைத்தாள். அவள் நினைத்திருந்த எரிச்சல் வரவில்லை.

"புளிக்குதுண்ணே."

"எங்க?"

"நாக்கு ரெண்டு பக்கமும். எச்சி ஊறிக்கிட்டே இருக்கு. ஆனா மொகம் சுளிக்கிற புளிப்பு இல்ல. வாயக் கழுவிவிட்ட மாதிரி இருக்கு."

தர்ஷன் கண்களை மூடிக்கொண்டான். "முழுங்குனப்புறம்?"

அவள் அவசரப்படாமல் காத்திருந்தாள். "பாண் துண்ட அடுப்புல வாட்டுனா ஒரு வாசம் வருமே, அது. ரொம்ப லேசா."

"அது மரப் பீப்பா வாசம். வைன் அதுக்குள்ள ரொம்ப நாள் கெடந்தா மரம் மட்டுந்தான் தெரியும். செஞ்சவன் அளவு தெரிஞ்சு எடுத்துட்டான்."

அவன் தொண்டை ஏறி இறங்கியது. விழுங்க எதுவுமில்லாமல் விழுங்கினான். அந்த வலியில் நெற்றி சுருங்கியதைப் பார்க்க முடியாமல் நிஷாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எத்தனையோ பேருக்கு ஊத்திக் குடுத்தேன்," என்றான். "வாயில வச்சதும் அவங்க மொகம் மாறும் பாரு, எனக்கு அதப் பாக்கத்தான் புடிக்கும். ஒனக்கும் மாறிச்சு."

கோயிலுக்குப் போயிருந்த அம்மா காளியாயி அந்நேரம் உள்ளே வந்தாள். போத்தலையும் மகள் கையிலிருந்த கிளாஸையும் பார்த்தாள். புருஷனிடம் அடிபட்ட நாளெல்லாம் அந்த முகத்தில் வந்து நின்றது. நிஷாந்தி எழுந்தாள்.

"அண்ணனால குடிக்க முடியாதேம்மா. நான் ருசி பாத்துச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

காளியாயி மகனின் கட்டிலோரம் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து. நானும் சொல்றேன்."

ஒரு மிடறு குடித்து, புரையேறி இருமினாள். "புளிக்குது சாமி. வேற ஒண்ணும் வெளங்கல எனக்கு."

"அது போதும்மா," என்று சத்தமில்லாமல் சிரித்தான் தர்ஷன். காளியாயி அவன் மார்பில் தலையைச் சாய்த்து அழுதாள்.

அடுத்த மாதம், மழை மறுபடி பிடித்துக்கொண்ட ஒரு விடியலில், அவன் இறந்துபோனான்.